பொங்கல் லீவில் உத்திரமேரூர்: ஒரே நாளில் சுற்றிவர வழி சொல்லுங்கள்

சிட்லபாக்கம்காரன்:

பொங்கல் லீவில் ஒருநாள் உத்திரமேரூர் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். சொந்தக் கார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் படி ஏற மாட்டார். பிள்ளைகள் ஏழாவதும் நாலாவதும் படிக்கிறார்கள். பெரியவனுக்குப் பாடத்தில் குடவோலை வருகிறது, அதை நேரில் பார்க்க வேண்டும் என்கிறான். வேடந்தாங்கலும் சேர்த்துப் பார்க்க ஆசை. வயல், ஏரி எல்லாம் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். காஞ்சிபுரத்தையும் இதிலேயே முடித்துவிடலாம் என்று மச்சினர் சொல்கிறார். காலையில் கிளம்பினால் இரவு சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியுமா? எந்த வழி, எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது?

---

ஜிஎஸ்டி ரோடு:

மச்சினர் பேச்சைக் கேட்காதீங்க. காஞ்சிபுரத்தைச் சேர்த்தால் எல்லாவற்றிலும் தலையைக் காட்டிவிட்டு ஓடி வரவேண்டியதுதான். அதற்குத் தனியாக ஒருநாள் வையுங்கள்.

போன வழியிலேயே திரும்பாமல் ஒரு வட்டம் போடுங்கள். போகும்போது தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம், வாலாஜாபாத், அங்கிருந்து பழையசீவரம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல் வெங்கடேசர் கோயில். அதன்பின் சாலவாக்கம் பக்கமாக உத்திரமேரூர். மதியத்துக்கு மேல் வேடந்தாங்கல். அங்கிருந்து படாளம் கூட்டுரோடு வந்து ஜிஎஸ்டியைப் பிடித்து வீடு. இப்படிப் போனால் காலையில் பரனூர் டோல் பக்கமே போக வேண்டாம்.

காலை ஆறு மணிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும். ஒரகடத்தில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஏழரைக்கு மேல் ரோட்டை அடைத்துவிடும். பொங்கல் லீவில் குறைவாக இருக்கும், ஆனாலும் நம்ப முடியாது. திருமுக்கூடலை ஒன்பதுக்குள் முடித்தால் பத்து, பத்தரைக்கு உத்திரமேரூரில் இருக்கலாம். அங்கே சுந்தரவரதர் கோயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பதினொன்றரை பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம்தான். கல்வெட்டு இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் அதற்குப் பிறகு. சுவர் எங்கேயும் ஓடிவிடாது.

திருமுக்கூடல், சாலவாக்கம் பக்கம் கல்குவாரிகள் அதிகம். ஜல்லி, எம்சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் வரும். ஒற்றை ரோட்டில் அவற்றின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், மேலிருந்து ஜல்லி விழுந்து கண்ணாடி விரியும். ஐம்பது அடி இடைவெளி விட்டு, ஜன்னலை ஏற்றிக்கொண்டு போங்கள்.

நாள் விஷயம் முக்கியம். மாட்டுப் பொங்கலன்று திருமுக்கூடலில் பார்வேட்டை உற்சவம். காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு திருமுக்கூடல் வருவார். பழையசீவரம் நரசிம்மர், சாலவாக்கம் சீனிவாசப் பெருமாள், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், உள்ளூர் வெங்கடேசர் என்று ஐந்து பெருமாள்களும் ஒன்றாக நிற்பார்கள். பார்க்க வேண்டிய திருவிழாதான், ஆனால் அன்று அதை மட்டும்தான் பார்க்க முடியும். பாலத்தில் கார் நகராது. காணும் பொங்கலன்று வேடந்தாங்கலில் பறவையை விட மனிதத் தலைகள் அதிகம். இரண்டையும் விட்டு அதற்கு அடுத்த வாரம் ஒரு வேலை நாளில் போக முடியுமானால் பாதிக் கஷ்டம் குறையும்.

---

கல்லெழுத்து:

குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சுவர் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு, எழுத்து ஒன்றும் தெரியவில்லையே என்று திரும்பிவிடுகிறார்கள். தெரியாமல் போவதற்கு வெளிச்சம்தான் காரணம்.

வெட்டு ஆழமில்லாதது. சூரியன் சுவருக்கு நேர் எதிரே இருந்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிடும். சுவரை உரசிக்கொண்டு சாய்வாக வெளிச்சம் விழும்போதுதான் வெட்டுக்குள் நிழல் தங்கி எழுத்து எழும்பும். அதனால் கிழக்குச் சுவரை விடியற்காலையில் பார்த்துப் பயனில்லை, பதினொன்றுக்கு மேல் பாருங்கள். வடக்குப் பக்கம் ஜனவரியில் நாள் முழுக்க நிழல்தான். அதற்கு ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். செல்போன் டார்ச்சே போதும், ஆனால் எழுத்துக்கு நேரே அடிக்கக் கூடாது. சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல நகர்த்தினால், ஒன்றுமில்லாத கல்லில் வரிவரியாக எழுத்து முளைப்பதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அதோடு எண்ணெய் கல்லில் இறங்கி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

அங்கே கல்வெட்டுகள் பல உண்டு. நீங்கள் தேட வேண்டியவை முதலாம் பராந்தக சோழன் காலத்தின் இரண்டு. அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919, ஒன்று. 14ஆம் ஆண்டு, கி.பி. 921, இன்னொன்று. இரண்டிலும் அவன் பெயர் ‘பராந்தகன்’ என்று இருக்காது, ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றுதான் வரும். தமிழோடு கிரந்த எழுத்து கலந்திருக்கும், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. பையனிடம் ‘ம, ர, க’ இந்த மூன்றையும் முதலில் தேடச் சொல்லுங்கள். இன்றைய வடிவத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பவை. மூன்று கிடைத்துவிட்டால் பிறகு அவனே தேட ஆரம்பித்துவிடுவான்.

பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிடும் விஷயம் கல்லில் விரிவாக இருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்றால் வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதி உள்ளவர்களின் பெயரைக் குடும்பு வாரியாக ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுக்கக் கூடியிருக்க, குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. குடும்புக்கு ஒருவராக 30 பேர். வாரியம் என்றால் குழு. அதில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

919இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருடத்தில் 35 முதல் 70 என்று திருத்தியிருக்கிறார்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு என்றைக்கும் இடமில்லை. அவர் மட்டுமா, அவருடைய பிள்ளை, மருமகன், மாமன், அத்தை மகன் என்று உறவு வரிசையே விலக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். இது பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊரின் சபை. வேதம் படித்த, நிலம் வைத்திருந்த ஆண்களுக்குள் நடந்த தேர்வு. உழுதவர்களும் பெண்களும் குடத்துக்கு வெளியே இருந்தார்கள். உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று வாட்ஸப்பில் வருவதை அப்படியே சொல்லாதீர்கள். தேர்தல் விதிகளைப் பத்தாம் நூற்றாண்டிலேயே இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்தார்கள் என்பதே போதுமான பெருமை.

திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு. கோயிலோடு சேர்ந்து கல்லூரியும் விடுதியும் ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஆதுலர் சாலையும் நடந்த கணக்கு அதில் இருக்கிறது. ஆதுலர் சாலை என்றால் ஆஸ்பத்திரி. 15 படுக்கை. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் (பழைய தானிய அளவு) நெல், அறுவை செய்பவருக்கு 30 கலம். மருந்து சேகரிக்க ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. தசமூல ஹரீதகி, வாசா ஹரீதகி என்று கடுக்காய் சேர்ந்தவை சில.

---

ஏரிக்கரை:

மேலே சொன்ன ஏரி வாரியத்தின் ஏரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. கல்வெட்டில் வயிரமேக தடாகம் என்று வருவது இன்றைய பெரிய ஏரிதான் என்பார்கள். கல்வெட்டைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குப் போகாமல் வந்தால் பாதிதான் பார்த்த மாதிரி. சபையின் வேலையில் பெரும் பங்கு தூர் வாருவது, கரையைப் பார்ப்பது, தண்ணீர் பங்கிடுவதுதான்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை: ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே வந்து விழுகிறது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு எங்கே, கலங்கல் எங்கே. நிறைந்த தண்ணீர் தானாக வழிந்து போக விட்ட தாழ்வான கல்கட்டுதான் கலங்கல். அது இல்லையென்றால் ஐப்பசி கார்த்திகை மழையில் கரை உடைந்துவிடும். ஒரு ஏரியின் கலங்கல் தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரத்து. இந்தப் பக்கம் ஏரிகள் இப்படித்தான் கோத்துக் கிடக்கின்றன. மேல் ஏரி நிரம்பாமல் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வராது. மதகுக்கு மேல் பக்கம் யாரையும் இறங்க விடாதீர்கள். மேலே அசையாமல் தெரியும், கீழே இழுக்கும். ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள் இருக்கும், முழங்கால் தண்ணீரில் நடக்கும்போதே திடீரென ஆளை மூழ்கடிக்கும். ஏரியில் குளிப்பது என்ற பேச்சே வேண்டாம்.

ஜனவரி நல்ல மாதம். சம்பா அறுவடை ஒரு பக்கம், நவரை நடவு இன்னொரு பக்கம். பழுத்த நெல்லும் நாற்றும் பக்கத்துப் பக்கத்து வயலில் தெரிவது இந்த மாதத்தில்தான். நம் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். சித்திரை வைகாசியில் தொடங்குவது சொர்ணவாரி. நவரை முழுக்க ஏரித் தண்ணீரை நம்பியது, அதனால் தை மாதம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தாலே அந்த வருடம் எத்தனை காணி நடுவார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கே கணக்கு ஏக்கரில் இல்லை, காணியில். ஒரு காணி 132 சென்ட்.

வயலில் இறங்குமுன் இதைக் கவனியுங்கள். நடவுக்குத் தயாரான வயலின் வரப்பு புதுச் சேறு பூசியதாக, வழவழவென்று இருக்கும். அதில் கால் வைத்தால் ஓரம் சரியும், இரவோடு இரவாகத் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கிவிடும், காலையில் இரண்டு வீட்டுக்கும் சண்டை. புல் முளைத்த பழைய வரப்பில் மட்டும் நடங்கள், ஒருவர் பின் ஒருவராக. கரும்பையோ வேர்க்கடலையையோ பிடுங்க வேண்டாம், கேட்டால் அவர்களே தருவார்கள். மோட்டார் கொட்டகையில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடுவார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் ஈரக்கையோடு போகக் கூடாது. கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும் உண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். மழை ஈரத்தோடு அறுத்த நெல்லை அப்படியே கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடுவார்கள், அதற்காகத்தான் இந்தப் பாடு. அதன்மேல் கார் ஏற்றினால் நெல் உடைந்து நொய்யாகும். டூவீலர்காரர்களுக்கு அது வழுக்கும். ஓரமாக வைத்திருக்கும் கல் அடுத்த பாதியில் வண்டி போவதற்கான அடையாளம். இருட்டிய பிறகு அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. இது ஒன்றுக்காகவே பொழுது சாய்வதற்குள் உள்ளூர் ரோடுகளை விட்டு மெயின் ரோடு வந்துவிடுங்கள்.

---

நத்தைக்குத்தி:

வேடந்தாங்கல் பற்றி மட்டும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை திறந்திருக்கும். விடிகாலையும் மாலை நாலு மணிக்கு மேலும்தான் பார்க்க உகந்த நேரம். நடுப்பகலில் போய்விட்டு ‘பறவையே இல்லை’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. பெரிய பறவைகள் இரைக்காகச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போயிருக்கும் நேரம் அது. ஜனவரியில் கூடுகளில் குஞ்சு இருப்பதால் பகலிலும் ஊட்ட வந்து போகும், அதனால் மூன்றரைக்கு உள்ளே நுழைந்தால் கூட்டில் ஊட்டுவதும் பார்க்கலாம், ஐந்தரை வாக்கில் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதும் பார்க்கலாம்.

ஏரி வெறும் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான் கூடுகள். ஒரே மரத்தில் மேல்கிளையில் சாம்பல் நாரை, நடுவில் நத்தைக்குத்தி, கீழே நீர்க்காகம் என்று மாடி வீடு போல இருக்கும். பிள்ளைகளிடம் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள், பெயர் தானாக வந்துவிடும். மூடிய அலகுக்கு நடுவில் சந்து தெரிந்தால் நத்தைக்குத்தி நாரை; அந்த அலகால்தான் வயல் நத்தையை ஓட்டிலிருந்து எடுக்கும். நுனி அகப்பை மாதிரி அகன்றிருந்தால் கரண்டிவாயன். கீழ்நோக்கி வளைந்து கறுப்பாக இருந்தால் அரிவாள் மூக்கன். கழுத்தை மட்டும் நீட்டி நீந்தினால் பாம்புத்தாரா. கூழைக்கடாவை யாரும் சொல்லித்தர வேண்டாம், தாடைப் பை காட்டிக்கொடுத்துவிடும்.

பைனாகுலர் 8×42 இருந்தால் கொண்டுபோங்கள். 10×50 பிள்ளைகள் கையில் ஆடும், ஒன்றும் நிலைக்காது. அம்மாவுக்குக் கவலை வேண்டாம், கரைமேல் ஏறச் சில படிகள்தான், அப்புறம் சமதளம். பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறாமலே கரையிலிருந்து நன்றாகத் தெரியும்.

போகுமுன் ஒன்று விசாரியுங்கள்: இந்த வருடம் ஏரி நிரம்பியதா? வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் மரத்தடியில் தண்ணீர் நிற்காது, தண்ணீர் நிற்காத மரத்தடிக்கு நாய் நரி வந்துவிடும் என்று பறவை கூடு கட்டாது. அப்படியான வருடத்தில் பயணமே வீண்.

ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிக்க மாட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம், அந்தப் பலன் அவர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798இல் ஏரியைப் பாதுகாக்க அவர்களுக்கு எழுதிக்கொடுத்ததற்கு முன்பே காத்துவந்தவர்கள். நீங்கள் ஹாரன் அடிக்காமல் இருந்தால் போதும்.

நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே கரிக்கிலி. கூட்டம் கிடையாது. ஊசிவால் வாத்து, கிளுவை மாதிரித் தண்ணீரில் மிதப்பவை அங்கே. இரண்டு ஏரியும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் நேரமில்லையென்றால் கரிக்கிலியை விடுங்கள், பிள்ளைகளுக்குக் கூடும் குஞ்சும்தான் சுவாரஸ்யம்.

---

சிட்லபாக்கம்காரன்:

எல்லோருக்கும் நன்றி. காஞ்சிபுரத்தை விட்டாச்சு, மச்சினரிடம் இந்தப் பக்கத்தையே காட்டிவிட்டேன். இரண்டு சந்தேகம். சுந்தரவரதர் கோயில் மூன்று அடுக்கு என்கிறார்களே, அம்மாவால் முடியுமா? மதியச் சாப்பாடு எங்கே?

---

கல்லெழுத்து:

தரைத்தளத்தில் நின்ற கோலத்தில் சுந்தரவரதர். அதற்கு மேல் வைகுண்டவரதர் அமர்ந்த கோலம், மூன்றாவதில் அனந்தபத்மநாபர் சயனம். மேல் இரண்டுக்கும் குறுகலான, செங்குத்தான படிகள். முழங்கால் வலிக்கு ஆகாது. ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம். அம்மா கீழே சேவித்துவிட்டு மண்டபத்தில் உட்காரட்டும். ஒரு பெரியவர் அவரோடு இருந்து, மற்றவர் பிள்ளைகளை மேலே கூட்டிப்போங்கள். வெளியே வந்து கொஞ்சம் தள்ளி நின்று விமானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு அங்கம் கொண்டதால் அஷ்டாங்க விமானம். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்து அடிப்படை, 8ஆம் நூற்றாண்டு.

நடை சாத்தும் முன் இன்னும் அரைமணி இருந்தால் காஞ்சி ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய்த் திருப்புலிவனம் வியாக்ரபுரீஸ்வரர் கோயில். தட்சிணாமூர்த்தி சிலை பெரியது, படிகள் தொல்லை இல்லை.

---

ஜிஎஸ்டி ரோடு:

சாப்பாடு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே முடித்துவிடுங்கள், ஒன்றரை மணிக்குள். வாழையிலை மீல்ஸ் கிடைக்கும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பொங்கல் நாட்களில் கடைகள் பாதி மூடியிருக்கும், அதனால் கையில் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொள்வது நல்லது. வேடந்தாங்கலில் பிளாஸ்டிக் விடமாட்டார்கள், அதையெல்லாம் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பெட்ரோலை வாலாஜாபாத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தங்க வேண்டிவந்தால் உத்திரமேரூரில் தேடாதீர்கள், செங்கல்பட்டுதான் வசதி.

வேடந்தாங்கலை ஐந்தே முக்காலுக்கு விட்டால் படாளத்துக்கு ஆறேகால். ஆனால் பொங்கல் முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பரனூரிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். அப்படி வரிசை தெரிந்தால் செங்கல்பட்டிலேயே திரும்பி வாலாஜாபாத் ரோட்டைப் பிடித்து, காலையில் வந்த ஒரகடம் வழியாகவே போய்விடுங்கள். கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும்.

---

புதிய உறுப்பினர்:

கார் இல்லாதவர்கள் பஸ்ஸில் இதைப் பார்க்க முடியுமா?

---

ஏரிக்கரை:

முடியும், ஆனால் முழு வட்டமும் கிடையாது. செங்கல்பட்டுவரை மின்சார ரயில், அங்கிருந்து உத்திரமேரூருக்கு பஸ். கல்வெட்டு, சுந்தரவரதர், ஏரி மூன்றும் ஊருக்குள்ளேயே, நடந்தே பார்க்கலாம். திரும்பும்போது காஞ்சிபுரம் பஸ் ஏறி, திருப்புலிவனத்திலும் மாகறலிலும் இறங்கிப் பார்த்துக்கொண்டே போகலாம். மாகறல் சம்பந்தர் பாடிய தலம், செய்யாற்றங்கரை. காஞ்சிபுரத்திலிருந்து தாம்பரத்துக்கு நிறைய பஸ். திருமுக்கூடலுக்குத் தனியாக ஒருநாள் வையுங்கள். செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் பாசஞ்சரில் பழையசீவரத்தில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால் கோயில். இந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு, அதனால் திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேடந்தாங்கலுக்குப் பஸ்ஸில் போனால் மாலை ஐந்தரைக்குப் பறவை திரும்பும் நேரத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நிற்க வேண்டிவரும். படாளத்திலிருந்து ஆட்டோவைப் போய்வரச் சேர்த்துப் பேசி, காத்திருக்கும் நேரத்துக்கும் முன்கூட்டியே பணம் முடிவுசெய்துகொண்டு ஏறுங்கள்.